ஒரு கால் செக்‌ஷனின் கதை: சஸ்காட்சுவன் புல்வெளியில் ஊர் வரலாறு தேடும் முறை

கனடாவின் சஸ்காட்சுவன் புல்வெளியில் ஓர் ஊரின் அல்லது ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். வழி தவறுவதும் அங்கேதான். உக்ரைனியர், ஃபின்லாந்துக்காரர், ருஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர் ஆகியோரின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆளின் பெயர் நில அலுவலகத்தில் ஒரு விதமாகவும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேறு விதமாகவும், கல்லறைக் கல்லில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். நிலத்தின் எண் அப்படி மாறாது. அளவையாளர்கள் குழி தோண்டி, மண்மேடு குவித்து, கம்பம் நட்டபோது கொடுத்த எண்தான் இன்றும் வரி ரசீதில் இருக்கிறது. ஆகவே முதலில் நிலத்தைப் பிடியுங்கள். பெயர் பின்னால் வரும்.

நில எண்ணைப் படித்தல்

புல்வெளி அளவை 1871இல் தொடங்கியது. வின்னிபெக் நகருக்குச் சற்று மேற்கே முதல் மெரிடியனை, அதாவது வடக்கு தெற்காக ஓடும் அடிப்படைக் கோட்டை, வகுத்தார்கள். இரண்டாவது மேற்குத் தீர்க்கரேகை 102 பாகையில், மூன்றாவது 106இல், நான்காவது 110இல். இந்த நான்காவதுதான் இன்று சஸ்காட்சுவனுக்கும் ஆல்பர்ட்டாவுக்கும் எல்லை. நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக வெட்டினார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். குடியேறிய குடும்பத்துக்குக் கிடைத்தது இந்தக் கால் செக்‌ஷன்தான். இதைக் ‘குவார்ட்டர்’ என்றே அங்கே சொல்வார்கள்.

எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘என்.டபிள்யூ. 14-27-8 டபிள்யூ 3’ என்று இருந்தால், மூன்றாம் மெரிடியனுக்கு மேற்கே, எட்டாவது ரேஞ்ச் (மெரிடியனிலிருந்து மேற்கே எண்ணும் டவுன்ஷிப் வரிசை), அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே எண்ணினால் 27ஆவது டவுன்ஷிப், அதில் 14ஆம் செக்‌ஷன், அதன் வடமேற்குக் கால். செக்‌ஷன்களின் வரிசை ஏர் உழும் வரிசை. தென்கிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். மேலே திரும்பி 7 முதல் 12 வரை கிழக்கே வரும். இப்படியே வளைந்து வளைந்து வடகிழக்கு மூலையில் 36இல் முடியும். அதன்படி 14ஆம் செக்‌ஷன் தெற்கிலிருந்து மூன்றாவது வரிசையில், கிழக்கோரத்திலிருந்து இரண்டாவது. இதை ஒரு தாளில் ஒருமுறை வரைந்து பாருங்கள், பிறகு மறக்காது.

அடிக்கடி நேரும் தவறு மெரிடியன் எண்ணை விட்டுவிடுவது. 14-27-8 என்பது இரண்டாம் மெரிடியனுக்கு மேற்கேயும் உண்டு, ஆனால் அது ஏறத்தாழ 280 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. ‘டபிள்யூ 3’ இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புதான். இன்னொன்று, வரைபடத்தில் வடக்கு தெற்காக நேரே ஓடும் சாலை திடீரென்று பக்கவாட்டில் விலகி மறுபடி நேராகப் போனால் அது பிழையல்ல. மெரிடியன் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கும். அதைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒருமுறை திருத்தக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டில் மேல் டவுன்ஷிப்பும் கீழ் டவுன்ஷிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அங்கே ‘எதிர் நிலம்’ எது என்று தீர்மானிக்கும்போது நிதானம் வேண்டும்.

எண்ணே சொல்லும் சேதி

செக்‌ஷன் எண்ணைப் பார்த்தவுடன் எந்த ஆவணக் காப்பகத்தைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரட்டைப்படை எண்கள் பொதுவாக ஹோம்ஸ்டெட் நிலங்கள், அதாவது 10 டாலர் பதிவுக் கட்டணத்தில் குடியேறியவருக்குக் கொடுத்தவை. அவற்றில் 8 முழுவதும், 26இன் பெரும்பகுதியும் பழைய தோல் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குப் போயின. அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் வின்னிபெக்கில் மானிட்டோபா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 11, 29 பள்ளி நிலங்கள்; ஏலத்தில் விற்றுப் பள்ளிகளுக்குப் பணம் சேர்த்தார்கள். மற்ற ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் ரயில்வேக்கு ஒதுக்கியவை. கனடியன் பசிபிக் ரயில்வேயின் நில விற்பனைப் பதிவுகளைக் கால்கரி பல்கலைக்கழகத்தில் உள்ள கிளென்போ தொகுப்பில் தேடலாம். தெற்குப் பகுதியில் மிஞ்சிக் கிடந்த ஒற்றைப்படை செக்‌ஷன்களையும் 1908ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறுவோருக்குத் திறந்துவிட்டது. எனவே ‘ஒற்றைப்படை, ஹோம்ஸ்டெட் கோப்பு இருக்காது’ என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

ஹோம்ஸ்டெட் கோப்பு

இந்தத் தேடலின் இதயம் இதுதான். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தைப் பதிந்தவர் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு மாதமாவது அங்கே தங்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். கேட்ட அளவு நிலத்தை உழுது பயிரிட வேண்டும். பிறகு பட்டா கேட்டு மனு கொடுக்கும்போது எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை மாடு, எத்தனை குதிரை, வீட்டின் நீள அகலம் எத்தனை அடி, அதன் மதிப்பு எத்தனை டாலர், மனைவி மக்கள் எத்தனை பேர், எந்த மாதம் வெளியே வேலைக்குப் போனார் என்பதெல்லாம் அந்த மனுவில் வரும். அண்டை நிலத்துக்காரர் இருவரின் சாட்சியமும் சேர்ந்திருக்கும். வெளிநாட்டவர் பட்டா பெற பிரிட்டிஷ் குடிமகனாக வேண்டும் என்பதால் குடியுரிமைக் குறிப்பும் பல கோப்புகளில் உண்டு. 1868 முதல் 1917 வரையான மூலக் குடியுரிமை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அட்டவணை அட்டைகள்தான் மிஞ்சின. அதனால் கோப்பிலுள்ள அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

கோப்புகள் சஸ்காட்சுவன் மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மாகாண மரபுவழி ஆய்வுச் சங்கம் தயாரித்த ஹோம்ஸ்டெட் அட்டவணையில் நில எண்ணைக் கொண்டு தேடலாம். பெயரால் தேடாமல் நில எண்ணால் தேடுங்கள். ஒரே குவார்ட்டருக்கு இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு பெயர்கள்கூட வரும். கடைசிப் பெயர்தான் பட்டா பெற்றவர். முன்னால் வருபவர்கள் விட்டுப் போனவர்கள். ஒட்டாவாவில் உள்ள தேசிய நூலக ஆவணக் காப்பகத்தின் மேற்குக் கனடா நிலக்கொடைப் பட்டியல் பட்டா பெற்றவர்களை மட்டுமே காட்டும். அதை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்த நிலத்தின் முதல் ஆள் இவர்தான்’ என்று எழுதிய குடும்ப வரலாறுகள் ஏராளம். தோற்றுப் போனவர்களின் கோப்புகளையும் வரவழையுங்கள். நிலத்தைக் கைவிடும் கடிதத்தில் இரண்டு வரியில் கிணற்றில் உப்புத் தண்ணீர் என்றோ, மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றோ எழுதியிருக்கலாம். வேறெங்கும் பதிவாகாத வாழ்க்கை அது.

சாட்சியங்களை அப்படியே நம்பவும் கூடாது. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னார்கள். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. தங்கிய மாதங்களின் கணக்கு சட்டம் கேட்ட அளவுக்கு அச்சாகப் பொருந்தினால், அந்தக் குளிர்காலத்தில் ஆள் உண்மையில் எங்கே இருந்தார் என்பதைக் கணக்கெடுப்பிலோ செய்தித்தாளிலோ சரிபாருங்கள். ஏக்கர் கணக்கும் கால்நடைக் கணக்கும் ஓரளவு நம்பத்தக்கவை, ஏனென்றால் ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்க்க முடியும்.

ரத்தான கோப்பைப் பார்த்ததும் வறட்சி, கடன் என்று முடிவு கட்டவும் வேண்டாம். 1899இல் ருஷ்யாவிலிருந்து டூகோபோர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சத்தியம் செய்வதைச் சமய நெறிப்படி மறுத்தவர்கள்; நிலத்தைப் பொதுவில் வைத்துக் கிராமமாக வாழ்ந்தவர்கள். 1907இல் அரசு அவர்களின் பதிவுகளைப் பெருமளவில் ரத்து செய்து, அந்த நிலத்தைப் பிறருக்குத் திறந்தது. காம்சாக், வெரெஜின் வட்டாரத்தில் ஒரே ஆண்டில் வரிசையாக ரத்தான பதிவுகள் தென்பட்டால் அது பயிர் பொய்த்த கதையல்ல. அங்கே குவார்ட்டரில் வீட்டின் சுவடைத் தேடிப் பயனும் இல்லை. வீடுகள் கிராமத்தில் ஒரே தெருவில் இருந்தன. ஹேக், ஆஸ்லர் பக்கத்தில் மென்னனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் கிராமங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கணக்கெடுப்பும் முகவரியும்

புல்வெளி மாகாணங்களில் பத்தாண்டுக் கணக்கெடுப்போடு 1906, 1916, 1926 ஆண்டுகளில் தனிக் கணக்கெடுப்பும் நடந்தது. கணக்கெடுப்பு ஏடுகள் 92 ஆண்டு கழித்தே வெளிவரும் என்பதால் 1931 ஏடு 2023இல்தான் திறந்தது. 1906 ஏட்டில் குடும்பத் தலைவரின் நில எண்ணும், குதிரை, கறவை மாடு, பன்றி எண்ணிக்கையும் உண்டு. ஹோம்ஸ்டெட் கோப்பில் சொன்னதை இதனுடன் பொருத்திப் பார்க்கலாம். பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் டவுன்ஷிப் எண்ணுக்குரிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். அண்டை வீட்டார் வரிசையில் உங்கள் ஆள் ஏதோ ஒரு எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்திருப்பார்.

நாடு, இனம் என்ற கட்டங்களில் எச்சரிக்கை தேவை. உக்ரைனியர்களை ‘ஆஸ்திரியர்’, ‘கலீசியர்’, ‘புகோவினியர்’, ‘ருத்தேனியர்’, ‘ருஷ்யர்’ என்று விதவிதமாக எழுதியிருப்பார்கள்; அவர்கள் புறப்பட்ட நிலம் ஆஸ்திரிய, ருஷ்யப் பேரரசுகளுக்குள் இருந்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியக் குடிமக்கள் எதிரி நாட்டவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பலர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதே குடும்பம் 1911இல் ஒன்றும் 1916இல் வேறொன்றும் சொல்லியிருந்தால் காரணம் புரியும்.

அஞ்சலகத்தை ஊர் என்று நினைப்பது இன்னொரு பிழை. தொடக்க கால அஞ்சலகம் பெரும்பாலும் ஒரு விவசாயியின் சமையலறை. அவர் போனால் அஞ்சலகமும் போகும், சில சமயம் அதே பெயரோடு பல மைல் தள்ளி இடம் மாறும். மக்கள் உண்மையில் தங்களைச் சேர்த்துச் சொன்னது பள்ளி வட்டத்தோடுதான். ஓரறைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் பெயரும் எண்ணும் உண்டு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கிராம நகராட்சி, இதைச் சுருக்கி ஆர்.எம். என்பார்கள். வழக்கமாக ஒன்பது டவுன்ஷிப் சேர்ந்தது ஓர் ஆர்.எம். அதன் வரிப் பதிவேடும் கூட்டக் குறிப்பேடும் 1930களுக்கு இணையற்ற சான்று. யாருக்கு விதைக் கடன், யாருக்கு நிலக்கரி, யார் நிலம் வரிப் பாக்கிக்காக ஏலம் போனது என்பதெல்லாம் தேதியோடு இருக்கும். அலுவலகத்தில் ஓரிரு பேர்தான் வேலை செய்வார்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி, நில எண்ணையும் ஆண்டு எல்லையையும் குறிப்பிட்டுப் போங்கள். அறுவடைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பட்டா கைமாறியதற்குப் பிந்தைய கதை நில உரிமைப் பதிவில் இருக்கிறது. ஒவ்வொரு உரிமைப் பத்திரமும் தனக்கு முந்தையதன் எண்ணைச் சொல்லும். பின்னோக்கி ஒவ்வொன்றாக வாங்கினால் சங்கிலி முழுமையாகும். அடமானக் குறிப்புகளை விடாமல் நகலெடுங்கள். நிலம் கைமாறிய காரணம் பலமுறை அங்கேதான் இருக்கும்.

ஊர் வரலாற்று நூல்கள்

சஸ்காட்சுவன் மாகாணம் 1905இல் உருவானது. அதன் 50ஆம், 75ஆம் ஆண்டு விழாக்களையொட்டிச் சிற்றூர்கள் பல தங்கள் வரலாற்றைத் தாங்களே நூலாக்கின. குடும்பங்கள் எழுதிக் கொடுத்ததைத் தொகுத்த கனத்த நூல்கள் அவை. புகைப்படங்களும் அடுப்படி நினைவுகளும் நிறைந்த செல்வம். ஆனால் யார் எழுதிக் கொடுத்தார்களோ அவர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். பெண்கள் கணவர் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். முதல் வறட்சியில் போனவர்கள் இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே பல ஆண்டு உணவகம் நடத்திய சீனர், பெயர்கூட இல்லாமல் ஒரு வரியில் வந்து போவார்.

அந்தச் சீனரைக் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடிக்கவும் வேண்டும். சீனர்கள் மீது கனடா 1885இல் 50 டாலர் தலைவரி போட்டது. 1903இல் அது 500 டாலர் ஆனது. வரி வசூலுக்காக வைத்த சீனக் குடியேற்றப் பொதுப் பதிவேடு தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளது. வயது, பிறந்த கிராமம், வந்த கப்பல், கட்டிய தொகை எல்லாம் அதில் உண்டு. 1923 முதல் 1947 வரை சீனர் குடியேற்றம் ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்தது. ‘அவர் தனியாகவே வாழ்ந்தார்’ என்று ஊர் நூல் சொன்னால், மனைவியை அழைத்துவரச் சட்டம் விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெண்களைத் தேட வேறு கதவு. குடும்பத் தலைவி, அதாவது பெரும்பாலும் குழந்தைகளுள்ள கைம்பெண் என்றால்தான் ஒரு பெண்ணுக்கு ஹோம்ஸ்டெட் கிடைக்கும். ஜார்ஜினா பின்னி-கிளார்க் 1905இல் ஃபோர்ட் கப்பெல் அருகே நிலத்தை விலை கொடுத்து வாங்கியது இந்தச் சட்டத்தால்தான்; அவருக்கு இலவச நிலம் பெறும் உரிமை இல்லை. எனவே பெண்களின் தடம் பள்ளிக் குழு, மருத்துவமனைக் குழு, விவசாயிகள் சங்கத்தின் மகளிர் பிரிவு ஆகியவற்றின் குறிப்பேடுகளிலும், செய்தித்தாள் மகளிர் பக்கங்களிலும் இருக்கும். ஹாரிஸ் அருகே குடியேறிய வயலட் மெக்நாட்டன் நல்ல எடுத்துக்காட்டு. 1909இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். தானிய விவசாயிகள் சங்க மகளிர் பிரிவின் முதல் தலைவர். 1916இல் சஸ்காட்சுவன் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். 1925 முதல் கால் நூற்றாண்டு விவசாயிகளின் வார இதழொன்றில் மகளிர் பக்கத்தை நடத்தியவர். அவருடைய கடிதங்கள் மாகாணக் காப்பகத்தில் உள்ளன. அவருக்கு எழுதிய சாதாரணப் பண்ணைப் பெண்களையும் அந்தக் கடிதங்களில் சந்திக்கலாம்.

புகழ்பெற்றவரைப் பற்றி எழுதும்போது

ரோஸ்தர்ன் விவசாயி சீகர் வீலர் 1911இல் நியூயார்க்கில் உலகக் கோதுமைப் பரிசாக 1,000 டாலர் தங்கம் வென்றார். அவர் விளைவித்தது மார்க்விஸ் கோதுமை. அதன் பெற்றோரில் ஒன்று ‘ஹார்டு ரெட் கல்கத்தா’ என்ற இந்திய வகை; சீக்கிரம் முற்றும் குணம் அதிலிருந்து வந்தது. குறுகிய கோடை கொண்ட புல்வெளிக்கு அந்தச் சில நாள்களே உயிர். இத்தகைய வாழ்க்கைக்குப் பரிசுப் பட்டியல், சோதனைப் பண்ணை அறிக்கை, செய்தித்தாள் எல்லாம் தேதியோடு கிடைக்கும்.

டாம் சுகானென் வேறு வகை. மாக்ரோரி அருகே விவசாயம் செய்த இந்த ஃபின்லாந்துக்காரர் 1930களின் வறட்சியில், கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், தன் கையாலேயே ஒரு கப்பலைக் கட்டினார். 1943இல் இறந்தார். கப்பல் இன்று மூஸ் ஜா நகருக்குத் தெற்கே ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து 1911இல் கால்நடையாகவே வந்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. இப்படிப்பட்டவருக்கு ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் கதையையும் வலப்பக்கம் அதை உறுதிசெய்யக்கூடிய ஆவணத்தையும் எழுதுங்கள். மின்னசோட்டாவில் வாழ்ந்தாரா? 1910 அமெரிக்கக் கணக்கெடுப்பு. எப்போது நிலம் பதிந்தார்? ஹோம்ஸ்டெட் கோப்பு. பிறந்த பெயர் வேறா? ஃபின்லாந்து தேவாலயப் பதிவேடு. வலப்பக்கம் காலியாக இருந்தால் ‘ஊரார் சொல்வது’ என்று எழுதுங்கள். கதையை வெட்டி எறியாதீர்கள். ஊர் ஒரு மனிதரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதும் வரலாறுதான்.

கட்டத்துக்கு முந்தைய காலம்

எந்தக் குவார்ட்டரின் கதையும் முதல் ஹோம்ஸ்டெட்காரரோடு தொடங்குவதில்லை. தெற்குச் சஸ்காட்சுவனின் பெரும்பகுதி பழங்குடியினருக்கும் அரசுக்கும் இடையே 1874இல் கப்பெலில் கையெழுத்தான நான்காம் உடன்படிக்கை நிலம். அதற்கு வடக்கே 1876இல் கார்ல்டனில் தொடங்கிய ஆறாம் உடன்படிக்கை. உங்கள் நில எண் எதற்குள் வருகிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். உடன்படிக்கை ஆண்டுத் தொகைப் பட்டியல்களில் குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றன. பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டீஸ் மக்களுக்கு ‘ஸ்கிரிப்’ என்ற நிலச்சீட்டு விண்ணப்பங்களைப் பாருங்கள். பிறந்த இடம், பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர் அனைத்தும் சத்தியப் பிரமாணமாக இருக்கும். பட்டோஷ் பகுதியில் மெட்டீஸ் நிலங்கள் ஆற்றிலிருந்து நீண்டு செல்லும் ஒடுங்கிய கீற்றுகளாக இருந்தன. சதுரக் கட்டம் அவற்றை அங்கீகரிக்கத் தாமதித்தது 1885இல் நடந்த மெட்டீஸ் எழுச்சியின் காரணங்களில் ஒன்று.

நேரில் போகும்போது

2022 ஜனவரி முதல் சஸ்காட்சுவனில் தனியார் நிலத்தில் கால் வைக்க முன் அனுமதி கட்டாயம். ஆர்.எம். வரைபடத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். பனி உருகி, புல் எழும்புவதற்கு முந்தைய ஏப்ரல் இறுதி, மே தொடக்கம் சிறந்த காலம். தனியாக நிற்கும் கராகானா வேலி, லைலாக் புதர், ருபார்ப் செடி தென்பட்டால் அங்கே ஒரு முற்றம் இருந்தது. அருகே சதுரப் பள்ளம் இருந்தால் நிலவறை. மூடாத கிணறு புல்லுக்குள் ஒளிந்திருக்கும். கையில் கோல் வைத்துத் தட்டித் தட்டி நடங்கள். ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குப் போகுமுன் செருப்பு மண்ணை முழுக்கத் தட்டிக் கழுவுங்கள். கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரைத் தாக்கும் வேர்முடிச்சு நோய் மண்ணோடுதான் பரவும். அதைக் கொண்டுவந்தவருக்கு எந்த விவசாயியும் மறுமுறை கதவு திறக்கமாட்டார். வட்டமாகக் கிடக்கும் கற்கள் பழங்குடியினரின் கூடாரத் தடமாக இருக்கலாம். படமெடுங்கள், இருப்பிடம் குறியுங்கள், ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். அம்பு முனைகளைப் பொறுக்கவும் கூடாது. மாகாணப் பாரம்பரியச் சொத்துச் சட்டம் அவற்றைக் காக்கிறது.

கல்லறைக் கல்லில் எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகை, பிளீச், சுண்ணக்கட்டி, மாவு எதுவும் வேண்டாம். எல்லாமே கல்லைத் தின்னும் அல்லது கறையாகத் தங்கும். ஒரு நீளக் கண்ணாடியால் சூரிய ஒளியைப் பக்கவாட்டில், கல்லின் முகத்தை உரசுவதுபோல் பாய்ச்சுங்கள். செதுக்கிய குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழும். சிரிலிக் எழுத்தைப் படிக்க முயலாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகப் படமெடுத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெயரில்லாத கற்களையும் எண்ணி வரைபடத்தில் வையுங்கள். 1910 வாக்கில் ஓக்லஹோமாவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் மெய்ட்ஸ்டோனுக்கு வடக்கே எழுப்பிய ஷைலோ மரத் தேவாலயத்தின் அருகிலும் அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் எந்த வரிசையில் எத்தனையாவது என்ற குறிப்பே பின்னால் ஒரு பெயரை மீட்டுத் தரும்.

முதியவரிடம் பேசப் போனால் கேள்விப் பட்டியலைவிட அந்த டவுன்ஷிப் வரைபடம் பயன்படும். 1917 முதல் 1930 வரை பல பதிப்புகளாக வந்த கம்மின்ஸ் வரைபடங்களில் ஒவ்வொரு குவார்ட்டரிலும் பெயர் அச்சிட்டிருக்கும். அதைப் பெரிதாக்கி மேசையில் விரியுங்கள். ‘உங்கள் இளமைக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் இரண்டு வரிப் பதில்தான் வரும். ‘சாலைக்கு அந்தப் பக்கம் யார்? கதிரடிக்க யார் யார் வருவார்கள்?’ என்று விரலை வைத்துக் கேட்டால் முழு ஊரும் எழுந்து வரும். ஒலிப்பதிவுக் கருவியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவரை உட்கார வைக்காதீர்கள். அன்று மாலையே கோப்பின் பெயரில் நில எண்ணையும் தேதியையும் சேர்த்து, ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கும் இன்னொன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.